பழைய ஜெட் ஸ்கியை எந்த ஏரியில் இறக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி, புகைக் கட்டுப்பாடு, இனி என்ன செய்வது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருப்பவர்கள், அதனால் பதில்களும் அந்த நாட்டு விதிகளைச் சுற்றியே போகும். வேறு நாட்டிலிருந்து எழுதியவர்களுக்குக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 1996 மாடல் டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி ஒன்று இருக்கிறது. நன்றாக ஓடுகிறது. "புகைச் சட்டம் வந்துவிட்டது, இனி தண்ணீரில் இறக்கினாலே அபராதம்" என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இதில் இரண்டு விதமான விதிகள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

முதல் வகை, தயாரிப்பாளருக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., 1996இல் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களுக்கும் ஜெட் ஸ்கிகளுக்கும் முதல் முறையாகப் புகை வரம்பு கொண்டுவந்தது. ஜெட் ஸ்கிகளுக்கு அது 1999 மாடலிலிருந்து தொடங்கி, வருஷத்துக்கு வருஷம் இறுகி, 2006இல் ஹைட்ரோகார்பன் கழிவு (பெரும்பாலும் எரியாமல் வெளியேறும் பெட்ரோல்) முக்கால் பங்கு குறைந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. இது புதிதாகச் செய்து விற்கும் வண்டிக்கான விதி. உங்கள் 1996 வண்டி அதற்கு முன்னாலேயே தொழிற்சாலையை விட்டு வந்துவிட்டது. அதை யாரும் பின்னால் துரத்திவந்து பிடுங்கப்போவதில்லை, புது இன்ஜின் மாட்டு என்று சொல்லப்போவதுமில்லை.

இரண்டாவது வகை, தண்ணீருக்கு. இங்கேதான் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஏரியை நிர்வகிக்கும் அமைப்புக்கு "எங்கள் தண்ணீரில் இன்ன இன்ஜின் வரக்கூடாது" என்று சொல்லும் அதிகாரம் இருக்கலாம், அது உங்கள் வண்டி எந்த வருஷம் பிறந்தது, அப்போது என்ன சட்டம் இருந்தது என்றெல்லாம் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியா, நெவாடா இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் கிடக்கும் தாஹோ ஏரியில் 1999 ஜூன் 1 முதல் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த டூ ஸ்ட்ரோக்குக்குத் தடை. மீட் ஏரியிலும் பவல் ஏரியிலும், இரண்டுமே தேசியப் பூங்கா சேவையின் கையில் இருப்பவை, 2012 டிசம்பர் 31க்குப் பிறகு இ.பி.ஏ.வின் 2006 தரத்தை எட்டாத ஜெட் ஸ்கி ஓடக்கூடாது. இந்த மூன்றிலும் உங்கள் 1996 வண்டியை இறக்கினால் தப்புத்தான். ஆனால் இப்படித் தனித் தடை இல்லாத ஏரியிலோ ஆற்றிலோ கடலிலோ, பதிவும் மற்ற சாதாரண விதிகளும் சரியாக இருந்தால், புகை விதியைக் காட்டி உங்களை நிறுத்த வழியில்லை.

ஆக, நண்பரிடம் கேட்க வேண்டியது "எந்தச் சட்டம்?" என்பதல்ல, "எந்தத் தண்ணீர்?" என்பது. டிரெய்லரை மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டிப் போவதற்கு முன்னால் அந்த ஏரியின் நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். படகுத்துறை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடிக்க, டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது இருக்கிறதே, அது அபராதத்தைவிட மோசமான அனுபவம்.

கேள்வி: பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். விற்றவர் "98 மாடல்" என்றார், பதிவுத் தாளில் 99 என்று இருக்கிறது. எது சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். வண்டியின் பின்பக்கம், பெரும்பாலும் வலது ஓரத்தில், உடலிலேயே பதித்த 12 எழுத்து எண் கொண்ட ஒரு வரிசை இருக்கும். பாசியும் அழுக்கும் படிந்திருந்தால் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். அதில் கடைசி நான்கைத்தான் நாம் படிக்க வேண்டும். உதாரணமாக "ஹெச்899" என்று முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து மாதம்: ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஹெச் ஆகஸ்ட். அடுத்த 8, தயாரித்த வருஷத்தின் கடைசி இலக்கம், அதாவது 1998. மிச்சமுள்ள 99 மாடல் வருஷம். 1998 ஆகஸ்டில் செய்யப்பட்ட, 1999 மாடல் வண்டி. விற்றவரும் பொய் சொல்லவில்லை, பதிவு அலுவலகமும் தப்பு செய்யவில்லை.

உங்கள் விஷயத்தில் இந்த ஒரு வருஷம் முக்கியம், ஏனென்றால் இ.பி.ஏ. கணக்கு மாடல் வருஷத்தை வைத்துத்தான் ஓடுகிறது. 99 மாடல் என்றால் உங்கள் இன்ஜின் முதல் விதிக்கு உட்பட்டுச் சான்று வாங்கிய இன்ஜின். இருக்கையைத் தூக்கி இன்ஜின் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் புகைச் சான்று பற்றிய ஒரு லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருஷங்கள் போகப் போக எண்ணெயும் சூடும் பட்டு இந்த லேபிள்கள் வெளிறிவிடும், அப்புறம் எதைச் சொன்னாலும் உங்கள் வாய்வார்த்தைதான்.

கேள்வி: என்னுடையது 2003 மாடல், கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக். 1999க்குப் பிறகு வந்ததுதானே, அப்படியென்றால் எல்லா ஏரியிலும் போகலாம்தானே?

பதில்: இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 1999இல் தொடங்கிய விதி ஒவ்வொரு வண்டியும் இந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஒரு தயாரிப்பாளர் விற்கும் மொத்த இன்ஜின்களின் சராசரி இந்த அளவுக்குள் வர வேண்டும் என்றது. நான்கு சுத்தமான இன்ஜின் விற்றால், அந்தப் புண்ணியக் கணக்கில் ஒரு பழைய பாணி டூ ஸ்ட்ரோக்கையும் சேர்த்து விற்றுக்கொள்ளலாம். வகுப்புச் சராசரி 70 மார்க் என்றால் எல்லாப் பையன்களும் 70 வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை அல்லவா, அதே கதைதான். நின்றுகொண்டு ஓட்டும் கார்புரேட்டர் வண்டிகள் சில 2006ஐத் தாண்டியும் விற்பனையில் இருந்தன.

அதனால் வருஷத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் 1998இல் தனக்கென்று தனி விதி போட்டபோது, வாங்குபவருக்குப் புரியும்படி நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றையும் கொண்டுவந்தது, வண்டியின் உடலில் வெளியே தெரியும்படி ஒட்டியிருப்பார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் கலிஃபோர்னியாவின் 2001 தரம்: சாதாரண கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கைவிட 75 சதவீதம் குறைவான கழிவு. இ.பி.ஏ. 2006இல் எட்ட வேண்டும் என்ற தரமும் இதுவும் சமம். இரண்டு நட்சத்திரம் அதைவிட 20 சதவீதம் குறைவு, மூன்று நட்சத்திரம் 65 சதவீதம் குறைவு. மேலே சொன்ன மூன்று ஏரிகளைப் பொறுத்தவரை ஒரு நட்சத்திரம் இருந்தாலே புகைப் பக்கம் கவலையில்லை. உங்கள் 2003 கார்புரேட்டர் வண்டியில் ஒன்றுகூட இருக்காது என்பது என் ஊகம். போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: அந்த நட்சத்திர ஸ்டிக்கரைத் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: ஒட்டலாம். இருக்கையைத் தூக்கினால் கார்புரேட்டர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

கேள்வி: என் வண்டி புகையே விடுவதில்லை, ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் நீலமாக வரும், அவ்வளவுதான். எதற்காக டூ ஸ்ட்ரோக்கை இப்படி வில்லன் ஆக்கிவிட்டார்கள்?

பதில்: கண்ணுக்குத் தெரியும் நீலப் புகை பெரும்பாலும் ஆயில். பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத பெட்ரோலில் இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம். சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் ஓட்டைகள்தான் இருக்கும், பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே கதவு மாதிரி அவற்றை மூடித் திறக்கும். பிஸ்டன் கீழே இருக்கும் அந்த ஒரு கணத்தில் புகை வெளியேறும் ஓட்டையும் திறந்திருக்கும், புதுக் கலவை உள்ளே வரும் ஓட்டையும் திறந்திருக்கும். எரிந்த புகையை வெளியே தள்ளுவதே உள்ளே பாயும் புதுக் கலவைதான். முன் வாசலில் விருந்தாளி நுழையும்போதே பின் வாசலும் திறந்து கிடந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் பேர் அப்படியே பின்னால் போய்விடுவார்கள்.

அந்தக் கொஞ்சம், கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை. 40 லிட்டர் ஊற்றினால் 10 லிட்டருக்கு மேல் எரியாமலே வெளியே போகலாம். தரையில் ஓடும் வண்டியில் அது காற்றோடு போகும். ஜெட் ஸ்கியின் சைலன்சர் வழி தண்ணீருக்குள் திறக்கிறது, குளிர்விக்கும் தண்ணீரும் அதோடு கலந்தே வெளியேறுகிறது, ஆகவே ஒரு பங்கு நேராக ஏரிக்குள். காற்றே இல்லாத காலை வேளையில் படகுத்துறை ஓரமாக மெதுவாக ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள், தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று மிதக்கும். அது உங்கள் காசு.

தாஹோ முந்திக்கொண்டதற்கு இன்னொரு காரணம், அக்காலத்தில் பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்ற ரசாயனம். பெட்ரோலின் மற்ற சரக்குகள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, பாதி ஆவியாகிவிடும், இது சர்க்கரை மாதிரி கரைந்துவிடும். குடிநீருக்கும் பயன்படும் ஏரி, தெளிவுக்குப் பெயர் போன ஏரி, அதில் கோடை சீசனில் இந்தச் சரக்கு தெரியத் தொடங்கியது. தடைக்குப் பிறகு அளவு வெகுவாக இறங்கியது. அப்புறம் கலிஃபோர்னியா, 2003 முடிவோடு எம்.டி.பி.இ.யையே பெட்ரோலிலிருந்து எடுத்துவிட்டது.

வண்டிமேல் இருக்கும் பாசம் எனக்கும் புரிகிறது, அந்த டூ ஸ்ட்ரோக் சத்தமும் சட்டென்று பாயும் வேகமும் தனி ருசி. ஆனால் கணக்கு என்று வந்தால் டூ ஸ்ட்ரோக் பக்கம் நின்று வாதாட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கேள்வி: என் வண்டியில் "ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது, கார்புரேட்டரே இல்லை. ஆனாலும் டூ ஸ்ட்ரோக்தான். தப்பித்தேனா?

பதில்: எங்கே பீய்ச்சுகிறது என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன இரண்டு வாசல் கதையை நினைவில் வையுங்கள். இன்ஜெக்டர் சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் பெட்ரோலைப் பீய்ச்சினால், கார்புரேட்டர் செய்த அதே வேலையைக் கொஞ்சம் அளவோடு செய்கிறது, அவ்வளவுதான், கலவை பின் வாசல் வழியாகப் போவது நிற்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் என்பது வேறு. அதில் உள்ளே வருவது வெறும் காற்று, பின் வாசல் மூடும் தறுவாயில்தான் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கிறது. வீணாகப் போவது காற்று, பெட்ரோல் அல்ல. 1999, 2000 வாக்கில் பொலாரிஸ், சீ-டூ, கவாசாகி மூவரும் இந்த வகையைக் கொண்டுவந்தார்கள், சீ-டூ அதற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டது. பெயரில் "டிஐ" (நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதன் சுருக்கம்) என்று இருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். இருந்தாலும் கடைசி வார்த்தை லேபிளுடையது, விளம்பர எழுத்துக்கு ஏரிக்கரையில் மதிப்பில்லை.

இந்த நேரடி இன்ஜெக்‌ஷன் டூ ஸ்ட்ரோக்குகள் வாழ்ந்த காலம் குறைவு. 2002இல் யமஹா எஃப்எக்ஸ்140, சீ-டூ 4-டெக், ஹோண்டா அக்வாட்ராக்ஸ் என்று ஃபோர் ஸ்ட்ரோக்குகள் ஒரே வருஷத்தில் வந்து இறங்கின, சந்தை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் டிஐ வண்டி வாங்குகிறவர், இன்ஜெக்டரையும் ஏர் கம்ப்ரசரையும் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பாரா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஏரி அனுமதிக்கும், மெக்கானிக் அனுமதிக்க மாட்டார்.

கேள்வி: 2001 மாடல் டூ ஸ்ட்ரோக். சைலன்சருக்குள் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதைக் கழற்றிப் போட்டால் இன்ஜின் சூடு குறையும், வேகமும் கூடும் என்று எல்லோரும் செய்கிறார்கள். பழைய வண்டிதானே, செய்யலாமா?

பதில்: "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது உண்மைதான், செய்யும் காரணத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: எரியாமல் வரும் பெட்ரோல் அந்தக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிவதால் அது நெருப்பாகக் கொதிக்கும், ஆயில் கூடிப்போனாலோ கலவை தப்பிப்போனாலோ உள்ளேயே உருகி அடைத்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் சட்டத்தில் இது தெளிவாகத் தப்பு. சான்று பெற்ற இன்ஜினிலிருந்து புகைக் கட்டுப்பாட்டுப் பாகத்தைக் கழற்றுவதோ செயலிழக்கச் செய்வதோ தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, கடைக்காரருக்கும் சொந்தக்காரருக்கும் சேர்த்தே தடை. வண்டி பழசாகிவிட்டது என்பதால் அந்தத் தடை காலாவதி ஆவதில்லை.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. 1996 வண்டி வைத்திருக்கும் முதல் கேள்விக்காரர் எவ்வளவு கழிவு விட்டாலும் குற்றவாளி இல்லை, அவரிடம் கழற்ற எதுவும் இல்லை. அதைவிடச் சுத்தமான வண்டி வைத்திருக்கும் நீங்கள் அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் குற்றவாளி. அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் உங்கள் வண்டி விற்பனைக்கு வந்ததே அந்தப் பாகத்தைக் காட்டிச் சான்று வாங்கித்தான்.

இன்ஜின் மாற்றுவது பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். அதே வகை இன்ஜின், அல்லது அதைவிடச் சுத்தமானது போடலாம். 2002 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குள் 1997 டூ ஸ்ட்ரோக்கைத் திணிப்பது கூடாது. எதிர்ப்பக்கமாக, பழைய உடலுக்குள் ஃபோர் ஸ்ட்ரோக்கை வைக்க ஆசைப்படுபவர்களுக்கு: சட்டம் தடுக்காது, எடை தடுக்கும். இன்ஜின் தாங்கி, சைலன்சர், ஒயரிங், பம்ப் எல்லாமே மாற வேண்டும். செய்து முடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம், நிறுத்தி வைத்துவிட்டவர்கள் அதைவிட அதிகம்.

கேள்வி: பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் புகை விதிகளால்தானே? 90களின் வண்டிக்கு அதனால் ஆபத்தா? என் வண்டி அடிக்கடி இழுத்து இழுத்து ஓடுகிறது.

பதில்: ஆபத்து உண்டு, இதில் என் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் முதலில் வாங்கியது பழைய கார்புரேட்டர் வண்டி ஒன்று. விற்றவர் "ஒன்றும் செய்ய வேண்டாம், பெட்ரோல் ஊற்றுங்கள், ஓட்டுங்கள்" என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார். மூன்றாவது வாரம், முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சத்தம் லேசாக மெலிந்த மாதிரி இருந்தது, காதுக்கு ஏதோ ஒன்று குறைகிற மாதிரி, அதை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு நிமிஷத்தில் டக்கென்று நின்றது. கரை சேர ஒரு மீன்பிடிப் படகுக்காரர் கயிறு போட வேண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தால் பின் சிலிண்டர் பிஸ்டன் ஒரு பக்கமாக உருகிச் சுவரோடு ஒட்டிக் கோடு போட்டிருந்தது.

காரணம் பிஸ்டன் அல்ல. கார்புரேட்டரைப் பிரித்தபோது உள்ளே இருந்த சுண்டு விரல் நகம் அளவு வலைப் பில்டர் முழுக்கப் பச்சை நிறத்தில் பிசுபிசு என்று ஏதோ அப்பியிருந்தது, தொட்டால் மெழுகு மாதிரி. 90களில் பல வண்டிகளில் வந்த சாம்பல் நிறப் பெட்ரோல் ட்யூப், உள்பக்கமாகக் கரைந்து இப்படிப் பச்சைப் பசையாகிப் பில்டரில் போய் அடையும். பெட்ரோல் குறைந்தால் டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயிலும் குறையும் வாய்ப்பு உண்டு, சூடும் ஏறும், அப்புறம் என் பிஸ்டன் கதைதான். எத்தனால் இந்தக் கரைசலை இன்னும் வேகப்படுத்தும், பழைய ரப்பர்களையும் அரிக்கும். போதாததற்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்தால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான்.

உங்கள் வண்டி இழுத்து ஓடுகிறது என்றால் இனி முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். முதலில் அந்தச் சாம்பல் ட்யூப் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஒரு அடி விடாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள், எத்தனாலைத் தாங்கும் தரமான கருப்பு ட்யூப் போடுங்கள். புது வண்டிகளுக்கு 2009 முதல் பெட்ரோல் ஆவி கசியாத ட்யூப் போட வேண்டும் என்றே விதி வந்துவிட்டது, அந்த வகை ட்யூப் உங்கள் பழைய வண்டிக்கும் உத்தமம். பிறகு கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து டயாஃப்ரம் கிட் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகளின் தொகுப்பு) மாற்றுங்கள். ட்யூபை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது, கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைப்பது மாதிரி.

10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை, ட்யூப்கள் நல்லவையாக இருந்தால், ஊற்றலாம். 15 சதவீதம் கலந்ததைப் படகுகளிலும் ஜெட் ஸ்கிகளிலும் ஊற்றவே கூடாது, இ.பி.ஏ. அதைத் தடுத்திருக்கிறது. பம்ப் மேலே ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை அவசரத்தில் படிக்காமல் விடாதீர்கள்.

கேள்வி: விலை உயர்ந்த, குறைந்த புகை ஆயில் ஊற்றினால் என் வண்டி 2006 தரத்துக்கு வந்துவிடுமா?

பதில்: வராது. ஆயில் நன்றாக இருந்தால் புகையும் கரியும் குறையும், பிளக் நீண்ட நாள் உழைக்கும், உங்கள் பின்னால் ஓட்டி வருபவர் உங்களை வாழ்த்துவார். எரியாத பெட்ரோல் அப்படியே போகத்தான் செய்யும். அத்தோடு, அவுட்போர்டுக்கான, எரிந்த பிறகு சாம்பல் விடாத ஆயில் எல்லா ஜெட் ஸ்கிக்கும் ஏற்றது என்று நினைக்காதீர்கள், பல ஜெட் ஸ்கி இன்ஜின்கள் அதைவிடச் சூடாக ஓடுபவை, அவற்றுக்கு வேறு ரகம் சொல்லியிருப்பார்கள். கையேடு என்ன சொல்கிறதோ அதுதான்.

கேள்வி: நின்றுகொண்டு ஓட்டும் டூ ஸ்ட்ரோக், "போட்டிக்கு மட்டும்" என்ற லேபிளோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கி வார இறுதியில் ஏரியில் ஓட்டலாமா?

பதில்: அந்த லேபிள் அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல. பந்தயத்துக்கு மட்டும் பயன்படும் வண்டிக்குப் புகை விதியிலிருந்து விலக்கு உண்டு, அந்த விலக்கில்தான் அது விற்கப்பட்டது. யமஹாவின் சூப்பர்ஜெட் 2020 வரை டூ ஸ்ட்ரோக்காகவே உயிரோடு இருந்ததற்கு அமெரிக்காவில் இந்த வழிதான் கை கொடுத்தது, 2021இல் அதுவும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. உல்லாசத்துக்கு ஓட்டினால் விலக்கின் நிபந்தனையை மீறுகிறீர்கள். பதிவு செய்யப் போகும்போதும் இதே லேபிள் முன்னால் வந்து நிற்கலாம், ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள், கொடுத்த பிறகு அல்ல.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து பழைய ஜெட் ஸ்கியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகலாமா? கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிலைமை என்ன?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் தந்திரமான ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியைப் பொறுத்தவரை நிலைமை அமெரிக்கா மாதிரித்தான், விதி சந்தைக்கு வரும் வண்டிக்கு. புகை வரம்பு டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்களுக்கு 2007 தொடக்கத்திலிருந்து அமலானது, இன்னும் இறுக்கமான அடுத்த விதி 2016 ஜனவரி 18 முதல். ஆனால் வெளியிலிருந்து கொண்டுவரும் பழைய வண்டி, அந்தச் சந்தைக்குப் புதிதாக வருவதாகவே கணக்கு. இருபது வருஷம் ஓடிக் களைத்த வண்டியாக இருந்தாலும் இன்றைய விதிப்படி மதிப்பீடு செய்து சான்று வாங்க வேண்டும். சாதாரண டூ ஸ்ட்ரோக் அதில் தேறும் என்று நான் நம்பவில்லை. கப்பல் கூலி கட்டிவிட்டு இதைத் தெரிந்துகொண்டால் ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

கனடா 2012 மாடலிலிருந்து அமெரிக்க அளவுகளை ஒட்டி விதி வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா தாமதமாக வந்தது: தரத்தை எட்டாத புது இன்ஜினை 2018 ஜூலை 1 முதல் இறக்குமதி செய்ய முடியாது, 2019 ஜூலை 1 முதல் விற்கவும் முடியாது. இரண்டு நாட்டிலும், உங்கள் கொட்டகையில் ஏற்கெனவே நிற்கும் வண்டியை இது தொடாது. தனித்தனி ஏரிகளின் கட்டுப்பாடு எந்த நாட்டிலும் தனிக் கதை, அதை அங்கேயே விசாரிக்க வேண்டும்.

கேள்வி: பழைய டூ ஸ்ட்ரோக்கை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் தினமும் இதுதான் சண்டை.

பதில்: வீட்டுச் சண்டையில் நான் தலையிடுவதில்லை, வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் வழக்கமாகப் போகும் தண்ணீரில் தடை இல்லை, இன்ஜின் நன்றாக இருக்கிறது, ட்யூப் மாற்றியாகிவிட்டது என்றால் புகை விதியைக் காரணம் காட்டி அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. நீங்கள் போக ஆசைப்படுவது தாஹோவோ பவலோ என்றால், அந்த வண்டியில் எவ்வளவு செலவழித்தாலும் அங்கே போக முடியாது, ஆகவே செலவழிப்பதை நிறுத்திவிட்டு மூன்று நட்சத்திரம் உள்ள பழைய ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றைத் தேடுங்கள். எடை கூடுதலாக இருக்கும், ஆயில் மாற்றும் வேலை புதிதாக வந்து சேரும், பெட்ரோல் செலவு மட்டும் உங்களைச் சமாதானப்படுத்தும்.

விற்பதென்றால் விளம்பரத்திலேயே மாடல் வருஷம், டூ ஸ்ட்ரோக் கார்புரேட்டர், நட்சத்திர ஸ்டிக்கர் இல்லை என்று எழுதிவிடுங்கள், பக்கத்தில் தடை உள்ள ஏரி இருந்தால் அதன் பெயரையும் போடுங்கள். விலை கொஞ்சம் இறங்கும். அந்த ஏரிக்கரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை, பின்னால் டிரெய்லரோடு, கோபமாக உங்களுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.